ஜப்பான்ல இருந்து இறக்கின பழைய புரோபாக்ஸ்: மூணு வருஷம், ஐம்பதாயிரம் கிலோமீட்டர் ஓட்டின அனுபவம்

ஜப்பான் வண்டி இறக்கப் போறேன்னு சொன்னதும் சுத்தி இருந்தவங்க எல்லாம் ஸ்கைலைன், சுப்ரான்னு ஸ்போர்ட்ஸ் கார் கனவுல மிதக்க ஆரம்பிச்சாங்க, நான் எடுத்தது வெள்ளை கலர் டொயோட்டா புரோபாக்ஸ் வேன். 1500 சிசி, பவர் விண்டோ கூட கிடையாது, கண்ணாடிய கையால சுத்தி இறக்கணும். ஜப்பான்ல கம்பெனிக்காரங்க சேல்ஸ் ஆளுங்களுக்கு குடுத்து ஓட்டித் தேய்க்கிற வண்டி இது. பின் சீட்ட மடிச்சா 400 கிலோ வரைக்கும் ஏத்தலாம், எனக்கு சாமான் ஏத்த ஒரு வண்டி வேணும், வீட்டுக்கும் அதே வண்டி ஓடணும், அவ்ளோதான் கணக்கு. வாங்கும்போது 96 ஆயிரம் கிலோமீட்டர், இப்ப 1 லட்சத்து 48 ஆயிரம். வண்டிய பத்தி குறை சொல்ல பெருசா ஒண்ணும் இல்ல. நான் பட்ட பாடு எல்லாம் பேப்பராலதான், அதுவும் ஒரு பேப்பர்ல நான் கண்டுக்காம விட்ட ரெண்டு எழுத்தால.

முதல்ல ஏலம். அங்க பழைய வண்டி பெரும்பாலும் டீலர்களுக்கான ஏலத்துலதான் கைமாறுது. யுஎஸ்எஸ்னு ஒரு குரூப் இருக்கு, அதுதான் பெருசு, டோக்கியோ ஏலம்னு பேரு ஆனா நடக்கிறது சிபா மாகாணத்துல நோடாங்கிற ஊர்ல, வியாழக்கிழமை வியாழக்கிழமை. உறுப்பினர் இல்லாதவங்க கேக்க முடியாது, அதனால ஏஜென்ட் மூலமாத்தான் போகணும். உங்க உச்ச விலைய சொல்லிட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான், ஒரு வண்டி சில நொடியில முடிஞ்சிரும், நான் நாலு வியாழக்கிழமை தோத்து அஞ்சாவதுலதான் ஜெயிச்சேன்.

ஜெயிக்கிறதுக்கு முன்னாடி உங்க கைக்கு வர்றது ஏலத் தாள் ஒண்ணுதான். இத படிக்க கத்துக்காம பணம் கட்டாதீங்க. மேல ஒரு மூலையில கிரேட் இருக்கும், புதுசு மாதிரி இருந்தா எஸ், அப்புறம் 6, 5, 4.5, 4, 3.5னு இறங்கும், ஆர்னு போட்டிருந்தா அடிபட்டு ரிப்பேர் பண்ணது. உள்பக்கத்துக்கு தனியா ஏ, பி, சி, டி. வண்டிய விரிச்சு வச்ச மாதிரி ஒரு படம் போட்டு அதுல ஏ1 ஏ2ன்னா கீறல், யூன்னா நசுங்கல், டபிள்யூன்னா தட்டி பெயிண்ட் அடிச்ச இடம், எக்ஸ்எக்ஸ்னா அந்த பேனலையே மாத்திட்டாங்க. என் வண்டி 3.5, உள்ள சி, ரெண்டு யூ, எட்டு ஒன்பது ஏ. வேலை செஞ்ச வேனுக்கு இது நல்ல மார்க்னு சந்தோஷமா இருந்தேன்.

ஆனா படத்துக்குப் பக்கத்துல இன்ஸ்பெக்டர் கையால கிறுக்கி வச்ச குறிப்பு ஒண்ணு இருக்கும், விஷயமே அதுலதான். ஏஜென்ட் அத இங்கிலீஷ்ல மாத்தி அனுப்பினப்போ 'அடியில துரு'ன்னு ஒத்த வரி, நான் கேட்டேன், எல்லா பழைய வண்டியிலயும் அப்படித்தான் எழுதுவாங்க சார்னு பதில் வந்துச்சு, நானும் விட்டுட்டேன். ஜப்பான் எழுத்துல அது ரெண்டே எழுத்து, 'சபி'. துருன்னு அர்த்தம். வடக்க பனி பெய்யிற பக்கம் ரோட்டுல உப்பு கொட்டுவாங்க, அங்க ஓடின வண்டிக்கு மேல பாத்தா பளபளன்னு இருக்கும், அடியில அரிச்சிருக்கும். வண்டி வந்தப்புறம்தான் கவனிச்சேன், நாலு டயரும் ஸ்டட்லெஸ், அதாவது பனிக்கு போடுற மெத்து டயர். அத வச்சே வண்டி எங்க ஓடியிருக்குன்னு தெரிஞ்சிருக்கணும், ஃபோட்டோவுலயே டயர் தெரிஞ்சுச்சு, எனக்குத்தான் பாக்க தெரியல.

கிலோமீட்டர் உண்மையா பொய்யான்னு எல்லாரும் பயப்படுவாங்க, எனக்கு அதுல பிரச்சனை வரல, ஏன்னு சொல்றேன். அங்க சொந்த கார்னா புதுசுல மூணு வருஷம், அப்புறம் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை 'ஷாக்கென்'ங்கிற பரிசோதனை கட்டாயம். புரோபாக்ஸ் வேன் அவங்க கணக்குல சரக்கு வண்டி, நம்பர் பிளேட்ல மேல இருக்கிற சின்ன எண் 4ல தொடங்கும், அதனால முதல் ரெண்டு வருஷம் தாண்டினா வருஷா வருஷம் பரிசோதனை. அப்போ ஓடியிருந்த கிலோமீட்டர் ஏற்றுமதி சான்றிதழ்லயும் அச்சாகி வரும். அதுக்கு மேல டிரைவர் கதவு ஓரத்துல ஆயில் மாத்தின ஸ்டிக்கர் ஒட்டியிருப்பாங்க, தேதி கிலோமீட்டர் எல்லாம் போட்டு. என் வண்டியில ஒண்ணு மேல ஒண்ணா மூணு ஸ்டிக்கர், எல்லாம் வரிசையா பொருந்துச்சு. வண்டி வந்ததும் கழுவுறேன்னு அத உரிச்சுராதீங்க.

கப்பல்ல ஏத்தினது சுருக்கமா சொல்லிடுறேன். ரோரோ கப்பல், அதாவது ஓட்டி ஏத்தி ஓட்டி இறக்குறது, யோக்கோஹாமால இருந்து. கண்டெய்னர் வேணாம்னு நினைச்சேன், ஒத்த வண்டிக்கு கட்டுப்படியாகாது. ஏலம் முடிஞ்சு வண்டி கையில வர மூணரை மாசம், அதுல பாதி யார்டுலயும் துறைமுகத்துலயும் நின்னதுதான். செலவு விஷயத்துல எங்க பாட்டி சொல்ற மாதிரி சுண்டைக்காய் கால் பணம் சுமைகூலி முக்கால் பணம்தான், ஏலத்துல குடுத்த காசு மொத்த செலவுல பாதி கூட இல்ல. ஏலக் கட்டணம், ஏஜென்ட் கமிஷன், அங்க உள்ளூர் லாரி வாடகை, கப்பல், இறக்குமதி வரி, வரிக்கு மேல வரி, துறைமுகத்துல நாள் வாடகைன்னு போய்க்கிட்டே இருக்கும். ஒண்ணு மட்டும் கேட்டு வாங்குங்க: அங்க வண்டி வாங்கும்போது ரீசைக்கிள் கட்டணம்னு ஒண்ணு கட்டியிருப்பாங்க, வண்டி வெளிநாடு போனா அது திருப்பி கிடைக்கும், கேக்கலைன்னா அது ஏஜென்ட் பாக்கெட்லயே தங்கிரும். எனக்கு தங்கிருச்சு.

இப்ப பதிவு பண்ற கதை. தாள்ல ஜப்பான் ஆண்டு கணக்குப்படி ஹெய்செய் 22, மாசம் 2ன்னு இருந்துச்சு. ஹெய்செய் 1ங்கிறது 1989, அங்க இருந்து எண்ணினா 22ங்கிறது 2010, அதாவது 2010 பிப்ரவரி. நானும் 2010 வண்டின்னே எல்லா படிவத்துலயும் நிரப்பினேன். பதிவு அலுவலகத்துல ஒருத்தர் பொறுமையா கேட்டார், இது முதல் பதிவு தேதிதானே, தயாரிச்ச தேதி எங்கன்னு. அதுதான் இல்ல. மத்த நாட்டு வண்டிக்கு வின் நம்பர்னு 17 எழுத்துல ஒரு அடையாள எண் இருக்கும், நிறைய வண்டியில அத வச்சே மாடல் வருஷத்த கண்டுபிடிக்கலாம், ஜப்பான் உள்ளூர் வண்டிக்கு என்சிபி51ன்னு மாடல் குறியீடு, நடுவுல ஒரு சின்னக் கோடு, அப்புறம் ஏழு இலக்கம், அவ்ளோதான், அதுல வருஷம் கிடையாது. கடைசியில மெக்கானிக் அண்ணன்தான் சீட் பெல்ட்ட முழுசா வெளிய இழுத்து அடியில தச்சிருந்த லேபிள காட்டினார், 2009 டிசம்பர். ஒரு வருஷம் கூடிருச்சு. எனக்கு படிவம் மாத்தி எழுதினதோட போச்சு, ஆனா வயசு வச்சு அனுமதிக்கிற நாட்டுல இது பெரிய விஷயம். கென்யால எட்டு வருஷத்துக்கு மேல போனா உள்ளயே விட மாட்டாங்க, கனடாவுல தலைகீழா 15 வருஷம் ஆனாத்தான் ஈஸியா வரும், அமெரிக்காவுல 25. ஒரு மாசம் முன்ன பின்ன ஆனா கூட வண்டி துறைமுகத்துலயே நிக்கும். இன்சூரன்ஸ்லயும் இதே கூத்துதான், இணையத்துல 17 எழுத்து போடலைன்னா அடுத்த பக்கம் போக மாட்டேங்குது, ஃபோன்ல பேசிப் பேசித்தான் முடிச்சேன்.

அப்புறம் தகுதி பரிசோதனை. முதல் தடவை ஃபெயில். ஒண்ணு பின்பக்க ஃபாக் லைட், ஜப்பான்ல அது கட்டாயம் இல்ல, அதனால பெரும்பாலான வண்டியில இருக்காது, தனியா ஒண்ணு வாங்கி பம்பருக்குக் கீழ மாட்டி சுவிட்சும் மீட்டர் பக்கத்துல ஒரு லைட்டும் குடுத்தோம், அரை நாள் வேலை. ரெண்டாவது டயர், ஸ்டட்லெஸ் ரப்பர் இறுகிப் போய் வெடிப்பு, பக்கவாட்டுல இருக்கிற நாலு இலக்கத்துல கடைசி ரெண்டு தயாரிச்ச வருஷம், அத பாத்தே மாத்தச் சொல்லிட்டாங்க. சரக்கு வேன்ங்கறதால எல்டி டயர்தான், அதாவது பாரம் தாங்குற சின்ன லாரி டயர்தான் போடணும், 13 இன்ச்ல அது கிடைக்கவே ரெண்டு வாரம். மூணாவதுதான் அந்த ரெண்டு எழுத்து.

வண்டிய லிஃப்ட்ல தூக்கினதும் எனக்கு பேச்சே வரல. சேஸிஸ் பரவாயில்ல, மேல் துருதான், ஆனா பின் சக்கரத்துக்கு போற பிரேக் பைப் ரெண்டும் செதில் செதிலா உரியுது. மெக்கானிக் அண்ணன் விரல்ல தேச்சு காட்டினார், இந்த வண்டியில புள்ளைய ஏத்திட்டு போவியா தம்பின்னு கேட்டார். ரெண்டு பைப்பும் புதுசா வளைச்சு போட்டு, அடிப்பக்கம் முழுக்க கம்பி பிரஷ் போட்டு தேச்சு, துரு நிறுத்துற பிரைமர் அடிச்சு, காஞ்சதுக்கு அப்புறம் மெழுகு மாதிரி ஒரு கோட்டிங், சட்டத்துக்கு உள்பக்கம் ஓட்டை வழியா ஸ்ப்ரே. அவசரமா கருப்பு தார் பெயிண்ட் அடிச்சு மூடிக் குடுக்குற ஆளுங்களும் இருக்காங்க, வேணாம், துரு உள்ளயே உக்காந்து தின்னும். வருஷத்துக்கு ஒரு தடவை அந்த மெழுகு கோட்டிங்க திரும்ப அடிக்கிறேன், மூணு வருஷத்துல புதுசா எங்கயும் பரவல. ரெண்டாவது தடவை பரிசோதனையில பாஸ்.

இனி ஓட்டுற கதை. இன்ஜின் 1என்இசட்-எஃப்இ, டைமிங் பெல்ட் இல்ல, செயின், அதனால அந்த செலவு பயம் இல்ல. இதே இன்ஜின் விட்ஸ், யாரிஸ், கொரோலான்னு ஏகப்பட்ட வண்டியில வந்ததால ஃபில்டர், பிளக், வாட்டர் பம்ப் எல்லாம் எங்கயும் கிடைக்கும். வாட்டர் பம்ப் 1 லட்சத்து 20 ஆயிரத்துல ஒழுகிச்சு, மாத்தினேன். பாடி சம்பந்தப்பட்டதுதான் தொல்லை, கதவு ஹேண்டில் ஒண்ணு உடைஞ்சதுக்கு சேஸிஸ் நம்பர் குடுத்து ஜப்பான்ல இருந்து வரவழைக்க அஞ்சு வாரம். நாலு கியர் ஆட்டோமேட்டிக், வேகமா போனா சத்தம் போடும், லிட்டருக்கு 14, லோடு இல்லாம மெதுவா போனா 15. காலியா போகும்போது பின்பக்கம் தூக்கித் தூக்கி போடும், கொஞ்சம் சாமான் ஏத்தினா ராஜா மாதிரி போகும். பின் சீட்டுதான் பெரிய குறை, பலகை மாதிரி நிமிர்ந்து நிக்கும், சரக்கு வேன்ங்கறதால குழந்தை சீட் மாட்ட ஐசோஃபிக்ஸ் கொக்கி கிடையாது, பெல்ட் போட்டு கட்டுற மாதிரி சீட் தேடி வாங்கினோம். குடும்பத்துக்குன்னு மட்டும் வாங்குறவங்க இத எடுக்காதீங்க, வீட்டம்மா இன்னும் என்ன மன்னிக்கல.

ரேடியோ 76ல இருந்து 90 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும்தான் பிடிக்கும், அங்க அப்போ அலைவரிசை அப்படி. ஆன்டெனா வயர்ல பேண்ட் எக்ஸ்பாண்டர்னு தீப்பெட்டி சைஸ்ல ஒண்ணு மாட்டினா மேல இருக்கிற ஸ்டேஷனும் வரும், கொரகொரன்னு வரும். நேவிகேஷன்ல ஜப்பான் மேப், நாங்க எங்க போனாலும் அது கடலுக்கு நடுவுல காட்டும். பேட்டரி மாத்தினப்போ அதுவும் பாஸ்வேர்ட் கேட்டு பூட்டிக்கிச்சு, டொயோட்டா செட்டுகள்ல இது சகஜம், கழட்டி வேற போட்டுட்டேன். முன் சீட்டு கால் வைக்கிற இடத்துல சிவப்பு குழாய் மாதிரி ஒண்ணு சொருகியிருந்துச்சு, டார்ச்னு நினைச்சு திருகப் போனேன், நல்ல வேளை, அது ரோட்டுல வண்டி நின்னா கொளுத்தி வைக்கிற தீப்பந்தம், அங்க எல்லா கார்லயும் இது, இல்லன்னா இதுக்கு பதிலா ஒரு அவசர விளக்கு இருக்கணும். உங்க வண்டியில இருந்தா வெயில்ல விட்டு வைக்காம முறையா அப்புறப்படுத்துங்க.

சுங்கக் கட்டணத்துக்கு இருக்கிற இடிசி பொட்டிய மட்டும் கழட்டல. சாவி போட்டதும் ஒரு பொம்பளை குரல்ல ஜப்பானிய பாஷையில கார்டு சொருகலைன்னு சொல்லும். முதல்ல எரிச்சலா இருந்துச்சு, இப்ப சின்ன பொண்ணு அது சொல்லி முடிக்கிறதுக்கு முன்னாடியே அட்சரம் பிசகாம சொல்லிடுறா, அது சொல்லலைன்னா வண்டி கிளம்பக் கூடாதுங்கறா.

இப்ப மச்சானுக்கு ஒரு வண்டி பாக்குறோம். முந்தாநாள் ஒரு தாள் வந்துச்சு, கிரேட் 4.5, உள்ள பி, 41 ஆயிரம் கிலோமீட்டர், கீறல் கூட ரெண்டுதான், அவன் விலைய ஏத்தி கேக்கச் சொல்லி ஏஜென்ட்டுக்கு மெசேஜே டைப் பண்ணிட்டான். நான் ஃபோட்டோவ பெருசாக்கி அந்த கிறுக்கல தேடினேன், மூணாவது வரி கடைசியில இருந்துச்சு ரெண்டு எழுத்து. ஃபோன வாங்கி மெசேஜ அழிச்சேன். ரெண்டு நாளா என்கிட்ட பேசல.