ட்ரோவ் தளம்: இலவசம், அபாரம், ஆனால் 1982-இல் நிறுத்திவிடாதீர்கள்

ஆஸ்திரேலிய தேசிய நூலகம் நடத்தும் ட்ரோவ் தளத்தைப் பற்றித் தமிழில் யாரும் விரிவாக எழுதி நான் பார்க்கவில்லை. பழைய செய்தித்தாள்கள், வார இதழ்கள், படங்கள், வரைபடங்கள் எல்லாம் ஒரே தேடலில் வருகின்றன. படிக்கக் கட்டணம் இல்லை, கணக்குத் தொடங்க வேண்டியதும் இல்லை. ஓய்வு பெறும்வரை சென்னையில் ஒரு நாளிதழில் மெய்ப்புத் திருத்துநராக இருந்தவன் நான். கான்பெராவில் மகன் வீட்டுக்கு வந்த பிறகு மருமகள்தான் இதைக் காட்டி, "மாமா, இதில் அச்சுப் பிழையை யார் வேண்டுமானாலும் திருத்தலாமாம்" என்றாள். அது போதாதா எனக்கு?

ஒரு செய்திக் காப்பகம் நல்லதா என்று பார்க்க என்னிடம் ஒரு வழி உண்டு. ஏதேனும் ஒரு வழக்கை எடுத்துக்கொண்டு முதல் நாள் செய்தியிலிருந்து கடைசிவரை அதிலேயே படித்துப் பார்ப்பேன். இந்த நாட்டில் அதற்கு அசேரியா சேம்பர்லைன் வழக்கைவிடப் பொருத்தமானது இல்லை. 1980 ஆகஸ்ட் 17 இரவு, இன்று உலுரு என்று அழைக்கப்படும் ஏயர்ஸ் ராக் அடிவாரத்தில், கூடாரத்தில் தூங்கிய ஒன்பது வாரப் பெண் குழந்தை காணாமல் போனது. டிங்கோ என்ற காட்டுநாய் தூக்கிப் போய்விட்டது என்று தாய் லிண்டி அலறினார். அடுத்த எட்டு ஆண்டுகளுக்கு நாடு முழுக்கப் பேசியது நாயைப் பற்றி அல்ல, அந்தத் தாயைப் பற்றி.

தேடும் முறையைச் சொல்லிவிடுகிறேன். பெயரைத் தட்டினால் முடிவுகள் கொட்டும். இயல்பான வரிசை 'பொருத்தம்' என்ற அடிப்படையில் வரும். உடனே 'பழையது முதலில்' என்று மாற்றிக்கொள்ளுங்கள். பத்தாண்டு, மாநிலம், இதழின் பெயர் என்று சல்லடை போடலாம். செய்தி, விளம்பரம், குடும்ப அறிவிப்பு என்றும் பிரித்துக் கேட்கலாம். ஒரு செய்தியைத் திறந்தால் ஒரு பக்கம் தாளின் படம், இன்னொரு பக்கம் இயந்திரம் படித்துத் தந்த எழுத்து. மங்கிய அச்சில் இயந்திரம் தடுமாறும் இடங்களில் வரியைத் தொட்டுத் திருத்திச் சேமிக்கலாம். இந்த வசதி ஒன்றுக்காகவே நான் இரவில் தாமதமாகத் தூங்குகிறேன்.

முக்கியமான ஒரு வரம்பு உண்டு. பதிப்புரிமை காரணமாகப் பெரும்பாலான செய்தித்தாள்கள் 1954-உடன் நின்றுவிடுகின்றன. 'தி கான்பெரா டைம்ஸ்' விதிவிலக்கு. 1926 முதல் 1995 வரை கிடைக்கிறது. அதனால்தான் இந்த வழக்கையே இங்கே படிக்க முடிகிறது.

தேதி வரிசையில் படிப்பதன் பலன் முதல் சில மாதங்களிலேயே தெரிந்துவிடுகிறது. புலனாய்வில் இருந்தவை என்னென்ன? காணாமல் போன ஒரு வாரத்தில் பாறை அடிவாரத்தில் கிடைத்த குழந்தையின் உடைகள். கூடாரத்திலிருந்து டிங்கோவின் தடத்தைப் பின்தொடர்ந்த, அந்தப் பகுதியின் பூர்வகுடிகளான அனங்கு மக்களின் சாட்சியம். மண்ணைப் படிப்பதில் அவர்களை மிஞ்ச ஆள் கிடையாது, ஆனால் அவர்கள் சொன்னதற்கு உரிய எடை கிடைக்கவே இல்லை. டிங்கோக்களால் ஆபத்து என்று அங்கிருந்த பூங்காவின் தலைமைக் காவலர் முன்பே எச்சரித்து எழுதியிருந்தார். ஊர் வாய்க்கு இவையெல்லாம் சுவையாக இல்லை. அதற்கு வேறு தீனி வேண்டியிருந்தது: தாய் தொலைக்காட்சியில் போதுமான அளவு அழவில்லை. கணவர் ஏழாம் நாள் திருச்சபைப் போதகர், ஆகவே ஏதோ விசித்திர வழிபாடு. குழந்தைக்குக் கறுப்பு உடை போட்டிருந்தார்கள். அசேரியா என்ற பெயருக்கே பலி என்று ஒரு பொய்ப் பொருள் கட்டிவிட்டார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவள் இப்படித்தான் அழ வேண்டும் என்று அளவு வைத்திருந்த ஊர்கள் நம் பக்கத்திலும் உண்டு, அதனால் எனக்கு இதில் பெரிய வியப்பு ஏற்படவில்லை.

வியப்பு ஏற்பட்டது 1981 பிப்ரவரியில். மரண விசாரணை அதிகாரி டெனிஸ் பாரிட், வதந்திகளுக்கு முற்றுப்புள்ளி வைக்க வேண்டும் என்றே, தன் முடிவைத் தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்ப அனுமதித்தார். டிங்கோதான் கொண்டுபோனது, பெற்றோர் மீது குற்றம் இல்லை என்று தெளிவாகச் சொன்னார். பின்னால் யாரோ உடலை அப்புறப்படுத்தியிருக்கலாம் என்றும் ஒரு வால் சேர்த்தார். நாடே கேட்டது. கேட்டுவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் இரண்டாவது விசாரணை தொடங்கிவிட்டது. குடும்பத்தின் மஞ்சள் நிற டொரானா காரில் சிசு ரத்தம் இருந்தது என்று தடயவியல் கூறியது. 1982 அக்டோபர் 29, வெள்ளிக்கிழமை, டார்வின் நகர நீதிமன்றத்தில் ஜூரிகள் லிண்டியைக் கொலைக் குற்றவாளி என்றார்கள். ஆயுள் தண்டனை. அப்போது அவர் நிறைமாதக் கர்ப்பிணி. மூன்று வாரத்துக்குள் சிறைவாசத்தில் மகள் பிறந்தாள். உடல் கிடைக்கவில்லை, ஆயுதம் கிடைக்கவில்லை, காரணம் என்று எதையும் அரசுத் தரப்பு சொல்லவும் இல்லை.

இங்கேதான் தளத்தைப் பயன்படுத்துவோருக்கு என் எச்சரிக்கை. 'தி ஆஸ்திரேலியன் விமன்ஸ் வீக்லி' ட்ரோவில் 1933 முதல் 1982 வரைதான் இருக்கிறது. அந்தக் காலத்துக் குடும்பங்களின் பேச்சு எப்படி இருந்தது என்று அறிய அருமையான இதழ். சமையல் குறிப்புகளும் விளம்பரங்களும் தனி விருந்து. ஆனால் இந்த வழக்கை அதில் மட்டும் தேடுகிறவருக்கு லிண்டி சிறைக்குப் போகிற ஆண்டோடு தாள் முடிந்துவிடும். சந்தேகித்தது எல்லாம் உள்ளே, விடுவித்தது எல்லாம் வெளியே. யாருடைய சதியும் இல்லை, எண்ணிமமாக்கிய ஆண்டு எல்லை அப்படி அமைந்துவிட்டது. ஆனாலும் கணினித் திரையில் பார்க்கிற பிள்ளைகளுக்கு எல்லையும் முடிவும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

ஆகவே கான்பெரா டைம்ஸுக்குத் திரும்பி வாருங்கள். 1984-இல் உயர் நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் மேல்முறையீட்டைத் தள்ளுகிறது. 1986 தொடக்கத்தில் பாறையிலிருந்து விழுந்து இறந்த ஓர் ஆங்கிலப் பயணியின் உடலைத் தேடப் போன இடத்தில், டிங்கோ குகைகள் நிறைந்த பகுதியில், குழந்தையின் சிறு மேற்சட்டை கிடைக்கிறது. அப்படி ஒரு சட்டை இருந்தது என்று லிண்டி முதலிலிருந்தே சொல்லிவந்தார், அரசுத் தரப்பு நம்பவில்லை. பிப்ரவரி 7-ஆம் தேதி அவர் விடுதலையாகிறார். அடுத்து நீதிபதி மோர்லிங் தலைமையில் விசாரணை ஆணையம். காரில் சிசு ரத்தம் என்று அறிவியல் பேசியது இருக்கிறதே, அதில் பெரும்பகுதி, வண்டி தயாராகும்போதே ஓசை தடுக்க அடித்த தார்க் கலவை என்று தெரிய வருகிறது. 1988 செப்டம்பர் 15-இல் தண்டனை ரத்து. 1992-இல் 13 லட்சம் டாலர் இழப்பீடு. 1995-இல் மூன்றாவது விசாரணை, மரணத்துக்குக் காரணம் உறுதியாகவில்லை என்று கைவிரிக்கிறது. ட்ரோவில் நாளிதழும் அந்த ஆண்டோடு முடிகிறது.

டிங்கோதான் என்று மரண விசாரணை அதிகாரி எலிசபெத் மோரிஸ் இறுதியாகப் பதிவு செய்த 2012 ஜூன் 12-ஆம் தேதிக்கு இந்த நாளிதழ்த் தொகுப்பில் பக்கம் இல்லை. அதை வேறிடத்தில்தான் படிக்க வேண்டும். பள்ளிக் கட்டுரைக்காகத் தேடிய என் பேத்தியிடம் முதல் வேலையாக இதைத்தான் சொன்னேன்.

சின்னச் சின்ன விஷயங்கள்: கைப்பேசியில் படிக்க முயல வேண்டாம், செய்தித்தாள் பத்தி அதற்குத் தாங்காது. பிடித்த செய்திகளைப் பட்டியலாகச் சேர்த்து வைக்கக் கணக்குத் தொடங்குவது நல்லது. பக்கத்தைப் பீடிஎஃப் ஆக இறக்கிக்கொள்ளலாம். மறைந்த முதல் குடி மக்களின் பெயர்களும் படங்களும் வரலாம் என்று தளம் முன்கூட்டியே எச்சரிக்கிறது. அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது. நிதி இல்லாமல் தளம் முடங்கிவிடுமோ என்று பேச்சு எழுந்து, 2023-இல் அரசு நான்கு ஆண்டுகளுக்கு 3 கோடியே 30 லட்சம் டாலர் ஒதுக்கியது. அந்தப் பணம் வீண் இல்லை.

கான்பெராவுக்கு வருகிறவர்கள் இன்னொன்றும் செய்யலாம். ட்ரோவை நடத்தும் அதே தேசிய நூலகத்தில்தான் லிண்டிக்கு முகம் தெரியாதவர்கள் எழுதிய ஆயிரக்கணக்கான கடிதங்கள் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. மஞ்சள் டொரானா தேசிய அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. அருங்காட்சியகம் காட்சிப் பொருள்களை மாற்றிக்கொண்டே இருக்கும் என்பதால், காரைப் பார்க்கவே போகிறவர்கள் முதலில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

மதிப்பெண் என்றால் ஐந்துக்கு நாலரை. எந்த இதழ் எந்த ஆண்டோடு நிற்கிறது என்பதைத் தேடல் முடிவுகளின் தலையிலேயே பெரிய எழுத்தில் போட்டால் மீதி அரையும் தருவேன்.