சரக்குக் கணக்கு எங்கே இருக்க வேண்டும்? பல இடங்களில் விற்பவர்களுக்கு நான்கு வழிகள்

ஒரே இடத்தில் விற்கும்வரை கையிருப்பு என்பது ஒரே எண். சந்தேகம் வந்தால் அலமாரியைப் போய்ப் பார்த்துவிடலாம். கடையோடு ஓர் இணையதளம், அப்புறம் அமேசான் போன்ற ஒரு மார்க்கெட்பிளேஸ் என்று வியாபாரம் விரியும்போது, அதே நீலச் சட்டைக்கு மூன்று எண்கள் வந்துவிடுகின்றன. பில்லிங் மெஷின் 9 என்கிறது, இணையதளம் 11 என்கிறது, மார்க்கெட்பிளேஸ் 12 என்கிறது. இந்த மூன்றில் எதை நம்புவது? மென்பொருள் தேடுவதற்கு முன்பே இதற்கு விடை வைத்திருக்க வேண்டும். உண்மையான எண் ஓர் இடத்தில்தான் இருக்க முடியும், மற்ற எல்லா இடங்களும் அதைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அந்த ஓர் இடமாக எதை வைப்பது என்பதற்கு நடைமுறையில் நான்கு வழிகள் உண்டு: எக்செல் தாள், விற்பனைத் தளங்களில் ஒன்று, சரக்குக்கென்றே உள்ள தனி மென்பொருள், சரக்கோடு நிறுவனத்தின் மற்ற கணக்குகளையும் சேர்த்து நடத்தும் முழு ஈஆர்பி மென்பொருள்.

முதலில் எக்செல். பெரும்பாலோர் இங்கேதான் தொடங்குகிறார்கள், அதில் தவறே இல்லை. தாளில் கணக்கு வைப்பவருக்குத் தன் சரக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். எது ஓடுகிறது, எது தேங்குகிறது, எந்த சப்ளையர் தாமதிக்கிறார் என்பதெல்லாம் கை வழியாகவே மனத்தில் பதியும். பொருள்களின் எண்ணிக்கை கூடியதும் தாள் திணறும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அதைத் திணறடிப்பது வேகம். ஒரு நாளைக்கு இரண்டு விற்கும் பொருள் 20 கையில் இருந்தால், இரவில் ஒருமுறை எண்ணைத் திருத்தினாலும் ஒன்றும் ஆகாது. ஒரு நாளைக்கு 40 விற்கும் பொருள் 30 மட்டும் இருந்தால், அதே இரவுத் திருத்தம் வருவதற்குள் இல்லாத சரக்குக்குப் பத்து ஆர்டர்கள் விழுந்திருக்கும். ஆக, எத்தனை பொருள் என்று பார்க்காதீர்கள். இரண்டு திருத்தங்களுக்கு இடைப்பட்ட நேரத்தில் எவ்வளவு விற்கிறது, அது கையிருப்புக்கு எவ்வளவு அருகே வருகிறது என்று பாருங்கள்.

தாளின் இன்னொரு ஆபத்து, அது தவறும்போது சத்தம் போடாது. 2020 அக்டோபரில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை, கொரோனா தொற்று உறுதியான 15,841 பேரின் பதிவுகள் அன்றாடக் கணக்கில் சேராமல் போனதை அறிவித்தது. பழைய எக்செல் கோப்பு வடிவம் ஒரு தாளில் 65,536 வரிசைகளுக்கு மேல் ஏற்காது. அதைத் தாண்டிய பதிவுகள் விடுபட்டுப் போயின. அரசுத் துறையிலேயே இது நடக்கும் என்றால், அவசரத்தில் யாரோ ஒரு வரிசையை மாற்றி அடுக்கிவிட்ட நம் சரக்குத் தாளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஒரே இடத்தில் விற்பவருக்கும், இரண்டாவது இடத்தில் இப்போதுதான் கால் வைப்பவருக்கும் தாள் போதும். அதற்கு மேல் அதை இழுக்க வேண்டாம்.

அடுத்த வழி, விற்கும் தளங்களில் ஒன்றையே தலைமைக் கணக்காக வைத்துக்கொள்வது. இதில் இரண்டு விதம் இருக்கிறது, இரண்டையும் ஒன்றாகப் பேசுவதால் நிறையக் குழப்பம் வருகிறது. சொந்த இணையதளத்தின் கணக்கைத் தலைமையாக்குவது ஒன்று. இணையக் கடை நடத்த உதவும் ஷாப்பிஃபை போன்றவற்றில் இணையக் கடையும் கல்லாப் பெட்டியும் ஒரே இருப்பைப் பகிர்ந்துகொள்ளும். கையில் உள்ளது, ஆர்டருக்கு ஒதுக்கியது, விற்கக் கிடைப்பது என்று எண்ணைப் பிரித்தும் காட்டும். விற்பனையில் பெரும்பகுதி உங்கள் தளத்திலும் கடையிலுமே நடக்கிறது, மார்க்கெட்பிளேஸ் கூடுதல் வரவு மட்டும்தான் என்றால் இது நல்ல தேர்வு. கொள்முதல் ஆர்டர்கள், பல கிடங்குகள், மூன்று பொருள் சேர்ந்த காம்போ என்று போகப் போகத்தான் இதன் குறைகள் தெரியும்.

இன்னொரு விதத்தில் சரக்கையே மார்க்கெட்பிளேஸின் கையில் கொடுத்துவிடுகிறோம். அமேசான் 2006 முதல் நடத்தும் எஃப்பிஏ (ஃபுல்ஃபில்மென்ட் பை அமேசான்) முறையில் உங்கள் சரக்கு அவர்கள் கிடங்கில் இருக்கும், பேக் செய்து அனுப்புவதும் அவர்களே. மற்ற தளங்களில் வரும் ஆர்டர்களையும் அதே சரக்கிலிருந்து அனுப்பித் தரும் சேவையும் உண்டு. டெலிவரி வேகத்துக்கு இதை மிஞ்சுவது கடினம், பேக்கிங்குக்கு ஆள் வைக்க முடியாத சிறு வியாபாரிக்குப் பெரிய விடுதலை. ஆனால் அந்தச் சரக்கை நீங்கள் போய் எண்ணிப் பார்க்க முடியாது. அதிக நாள் தேங்கினால் கூடுதல் கட்டணம் விழும். விதி மாறினால் உங்களைக் கேட்டு மாறாது. 2020 மார்ச் 17 அன்று, தொற்றுக் காலத் தேவைகளுக்கு முன்னுரிமை தருவதற்காக, அத்தியாவசியமல்லாத பொருள்களைத் தன் அமெரிக்க, ஐரோப்பியக் கிடங்குகளில் புதிதாக ஏற்பதை அமேசான் தற்காலிகமாக நிறுத்தியது. மொத்தச் சரக்கையும் அந்த ஒரே வழியில் நம்பியிருந்தவர்களுக்கு வேறு இடத்திலிருந்து அனுப்ப வழியே இல்லை. அதனால் என் கருத்து இது: அனுப்பும் வேலையை அவர்களிடம் கொடுங்கள், கணக்கைக் கொடுக்காதீர்கள். அங்கே கிடக்கும் சரக்கை உங்கள் கணக்கில் இன்னொரு கிடங்காகக் காட்டுங்கள், அவ்வளவுதான்.

மூன்றாவது, சரக்குக்கென்றே உள்ள மென்பொருள். ஜோஹோ இன்வென்டரி, சின்7, லின்வொர்க்ஸ், யூனிகாமர்ஸ் எல்லாம் இந்த வகை. எங்கே ஆர்டர் விழுந்தாலும் செய்தி இதற்கு வரும், இது இருப்பைக் குறைத்து, குறைந்த எண்ணை மற்ற எல்லாத் தளங்களுக்கும் அனுப்பும். வளரும் வியாபாரங்களில் பெரும்பாலானவற்றுக்கு நான் இதையே சொல்வேன். ஆனால் மென்பொருள் விற்பவர்கள் சொல்லும் ‘உடனுக்குடன்’ என்ற சொல்லை அப்படியே நம்பிவிட வேண்டாம். ஒவ்வொரு தளமும் ஒரு நேரத்துக்கு இத்தனை கோரிக்கைகள்தான் ஏற்பேன் என்று வரம்பு வைத்திருக்கிறது. பெரிய தள்ளுபடி நாளில், எல்லோருடைய எண்ணும் ஒரே சமயத்தில் மாறும்போது, காத்திருக்கும் கோரிக்கைகளின் வரிசை நீள்கிறது. ஆர்டர் செய்தி வழியிலேயே தொலைந்துபோகவும் வாய்ப்பு உண்டு. தானாக வரும் செய்திகளை மட்டும் நம்பாமல், அவ்வப்போது முழுக் கணக்கையும் எடுத்துச் சரிபார்க்கும்படி ஷாப்பிஃபையின் வழிகாட்டியே நிரலாளர்களுக்குச் சொல்கிறது.

அதனால் டெமோ பார்க்கும்போது அழகான வரைபடங்களில் மயங்காமல் சில கேள்விகளைக் கேளுங்கள். பணம் வந்ததும் பொருளை ஒதுக்குமா, ஆர்டர் விழுந்ததுமே ஒதுக்குமா? காம்போ விற்றால் அதிலுள்ள ஒவ்வொரு பொருளின் எண்ணும் எல்லாத் தளங்களிலும் இறங்குமா? ஒரு தளத்துக்கு எண்ணை அனுப்ப முடியாமல் போனால் யாருக்குத் தெரியும், எப்போது தெரியும்? திரும்பி வந்த பொருள் நேராக விற்பனைக்குப் போய்விடுமா, பரிசோதனைக்கென ஒதுங்கி நிற்குமா? கடைசியாக, என் தகவல் மொத்தத்தையும் நான் எடுத்துக்கொண்டு போக முடியுமா?

இந்தக் கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதில்லை. ஸ்டிச் லேப்ஸ் என்ற சரக்கு மென்பொருள் நிறுவனத்தை 2020இல் ஸ்கொயர் வாங்கியது. அடுத்த ஆண்டே அந்தச் சேவை நின்றது. ட்ரேட்கெக்கோவை அதே 2020இல் இன்ட்யூட் வாங்கி, குவிக்புக்ஸ் காமர்ஸ் என்று பெயர் மாற்றியது. 2022இல் அதுவும் மூடப்பட்டது. இரண்டும் இந்தத் துறையில் நன்கு அறியப்பட்ட பெயர்கள். அவற்றின் வாடிக்கையாளர்கள் எந்தத் தவறும் செய்யாமலே புதிய வீடு தேட வேண்டியிருந்தது. எஸ்கேயு (ஒவ்வொரு பொருளுக்கும் தரும் தனிக் குறியீடு) பட்டியல், சப்ளையர் விவரம், கொள்முதல் விலை, இருப்பு ஆகிய நான்கையும் மாதம் ஒருமுறையாவது உங்கள் கணினியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஈஆர்பி பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதைப் படிக்கும் பலருக்கு அது இப்போது தேவைப்படாது. ஓடூ, இஆர்பிநெக்ஸ்ட், 2016இல் ஆரக்கிள் வாங்கிய நெட்சூட் போன்றவை சரக்கோடு கணக்குவழக்கு, உற்பத்தி, கொள்முதல் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கட்டிப்போடுகின்றன. நீங்களே பொருள் தயாரிக்கிறீர்கள், லாட் (தயாரிப்புத் தொகுதி) எண்ணும் காலாவதி நாளும் பார்க்க வேண்டும், ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்களின் கணக்கு ஓடுகிறது என்றால் இங்கே வரத்தான் வேண்டும். விற்பனை வழிகள் கூடிவிட்டன என்பதற்காக மட்டும் வர வேண்டாம். பெரியவர்களே இதில் தடுக்கி விழுந்திருக்கிறார்கள். சாக்லேட் தயாரிக்கும் ஹெர்ஷி 1999இல் புதிய ஈஆர்பி முறைக்கு மாறிய சமயம், ஆண்டின் பெரிய விற்பனைக் காலத்தில், சரக்கு கையில் இருந்தும் ஏறத்தாழ 10 கோடி டாலர் ஆர்டர்களை அனுப்ப முடியாமல் தவித்தது. கனடாவில் 2013இல் கடை திறந்த அமெரிக்கச் சில்லறை நிறுவனமான டார்கெட்டில் பொருள்களின் அளவு போன்ற அடிப்படை விவரங்களே தவறாக ஏற்றப்பட்டிருந்தன. கிடங்குகளில் சரக்கு குவிந்து கிடக்க, கடை அலமாரிகள் காலியாக நின்றன. 2015இல் 133 கடைகளையும் மூடும்படி ஆனதற்கு அதுவும் ஒரு காரணம்.

எதைத் தேர்ந்தாலும் அதன் உள்ளே இன்னொரு தேர்வு இருக்கிறது. என்னைக் கேட்டால் மென்பொருளைவிட அதிக லாப நஷ்டம் இதில்தான். சரக்கை ஒவ்வொரு தளத்துக்கும் பிரித்து ஒதுக்குவதா, எல்லோருக்கும் ஒரே பொதுக் குவியலாக வைப்பதா?

பிரித்து வைத்தால் நிம்மதி. மார்க்கெட்பிளேஸுக்கு 30, இணையதளத்துக்கு 20 என்று கோடு போட்டுவிட்டால் ஒரே பொருளை இருவருக்கு விற்கும் பேச்சே எழாது. ஆனால் ஒரு பக்கம் தீர்ந்து வாடிக்கையாளர் திரும்பிப் போகும்போது, இன்னொரு பக்கம் அதே பொருள் தூசு படிந்து கிடக்கும். பொதுக் குவியலின் பலனைக் கணக்காகவே சொல்லலாம். நான்கு இடங்களில் எதிர்பாராத தேவைக்காக ஆளுக்கு 50 என 200 வைத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நான்கிலும் தேவை ஒரே அளவில், ஒன்றையொன்று சாராமல் ஏறி இறங்குகிறது என்றால், சேர்த்து வைக்கும்போது அதே பாதுகாப்பைத் தர 100 போதும். ஒன்றில் எதிர்பாராமல் ஏறுவதை இன்னொன்றின் இறக்கம் ஈடுகட்டுவதால், தேவையான பாதுகாப்பு இருப்பு இடங்களின் எண்ணிக்கைக்கேற்ப ஏறாமல் அதன் வர்க்கமூலத்துக்கேற்பவே ஏறுகிறது. நடைமுறையில் இவ்வளவு துல்லியமாக அமையாது, நான்கு தளங்களிலும் ஒரே நாளில் தள்ளுபடி போட்டால் தேவை சேர்ந்தே ஏறும். ஆனாலும் திசை மாறாது. மிச்சமாகும் அந்தப் பணத்தில் இன்னொரு புதிய பொருளை இறக்கலாம்.

பொதுக் குவியலுக்கு ஒரு விலை உண்டு. எண் சிறிது தாமதித்தாலும் கடைசிச் சில பொருள்கள் இரட்டிப்பாக விற்றுவிடும். அமேசானில், அனுப்புவதற்கு முன் விற்பவர் ரத்து செய்யும் ஆர்டர்கள் 2.5 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். தாண்டினால் கணக்கே முடங்கலாம். அதனால் நான் சொல்வது பொதுக் குவியல், கூடவே தளத்துக்குத் தளம் மாறும் ஒரு தடுப்பு. கையில் 12 இருந்தால் மார்க்கெட்பிளேஸில் 9 மட்டும் காட்டுங்கள். இருப்பு மூன்றுக்கு வந்ததும் அங்கே தீர்ந்துவிட்டதாகக் காட்டிவிட்டு, மிச்சத்தைச் சொந்தத் தளத்தில் மட்டும் விடுங்கள். அங்கே தவறு நேர்ந்தால் வாடிக்கையாளரை நேரில் அழைத்து, வேறு நிறம் வேண்டுமா, பணம் வேண்டுமா என்று பேச முடியும். மார்க்கெட்பிளேஸில் அந்தப் பேச்சுக்கு இடமில்லை, தண்டப் புள்ளிதான் முதலில் வரும். நேரடிக் கடை இருந்தால் தடுப்பை இன்னும் கொஞ்சம் கூட்டுங்கள். ஒருவர் பொருளைக் கையில் எடுத்துக்கொண்டு பத்து நிமிடம் சுற்றிவிட்டுத்தான் பில் போட வருவார், அதுவரை எந்த மென்பொருளுக்கும் அது தெரியாது.

தடுப்பு எவ்வளவு என்பதைப் பொருளுக்குப் பொருள் மாற்றுங்கள். மாதம் ஒன்று விற்கும் பொருளுக்குத் தடுப்பே வேண்டாம்; வைத்தால் அது விற்காமலே போகும். பிரித்து ஒதுக்குவது சரியாக இருக்கும் இடங்களும் உண்டு: எஃப்பிஏ கிடங்கில் ஏற்கெனவே இருக்கும் சரக்கு, மொத்த வியாபாரிக்கு வாக்குக் கொடுத்த சரக்கு, அறிவித்துவிட்ட தள்ளுபடி நாளுக்கான சரக்கு.

இந்த நான்கு வழிகளில் எதுவும் தீர்த்துவைக்காத ஒரு சிக்கல் பாக்கி இருக்கிறது. நிக்கோல் டிஹொரேஷியஸ், ஆனந்த் ராமன் இருவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு சில்லறை நிறுவனத்தின் 37 கடைகளில் ஏறத்தாழ 3.7 லட்சம் இருப்புப் பதிவுகளைப் பார்த்தார்கள். அவற்றில் 65 சதவீதம் அலமாரியில் இருந்ததோடு ஒத்துப்போகவில்லை. தவறான எண்ணை நொடியில் நான்கு தளங்களுக்கு அனுப்புவதற்காகப் பணம் கட்டி மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை கடையடைத்து மொத்தமாக எண்ணுவதைவிட, வேகமாக ஓடும் பொருள்களை வாரம்தோறும், நடுத்தரமானவற்றை மாதம்தோறும் என்று சுற்றுமுறையில் எண்ணுங்கள். எண் பூஜ்யத்தைத் தொடும் பொருளை அந்தக் கணமே போய்ப் பாருங்கள், எண்ண வேண்டியது மிகக் குறைவாக இருக்கும் நேரம் அதுதான்.

சரி, தாளிலிருந்து மூன்றாவது வழிக்கு மாறுவதாக முடிவெடுத்துவிட்டால் வரிசை முக்கியம். பெரிய விற்பனைக் காலத்துக்கு முன் மாறாதீர்கள், அது ஓய்ந்த பிறகு மாறுங்கள். முதலில் எஸ்கேயுக்களைச் சுத்தப்படுத்துங்கள். கடையில் ஒரு குறியீடு, மார்க்கெட்பிளேஸில் இன்னொன்று என்று இருந்தால் எந்த மென்பொருளும் அவற்றை ஒரே பொருளாகப் பார்க்காது. பிறகு முழுக் கணக்கெடுப்பு, அதன் பிறகு இருப்பை ஏற்றுவது. விற்பனை குறைவான ஒரு தளத்தை முதலில் இணைத்து, ரிட்டர்னும் ரத்தும் வந்து போகும்வரை கவனியுங்கள். மற்ற தளங்களை ஒவ்வொன்றாகச் சேருங்கள். கடைசித் தளம் இணைந்த அன்றே பழைய எக்செல் தாளைப் பார்க்க மட்டும் முடியும்படி பூட்டிவிடுங்கள், அதோடு ஒவ்வொரு தளத்திலும் ஊழியர்கள் இருப்பு எண்ணைக் கையால் திருத்தும் அனுமதியையும் எடுத்துவிடுங்கள்.