தனியே மனை காட்டச் செல்வோருக்கான சாவிக்கொத்து அலாரம்: மூன்று மாத அனுபவம்

வண்டலூருக்குத் தெற்கே ஆள் நடமாட்டமற்ற மனைப்பிரிவுகளை முன்பின் அறியாதவர்களுக்குக் காட்டுவதே என் அன்றாட வேலை என்பதால், கொக்கியை இழுத்தால் அலறும் இந்தக் கருவியை வாங்கி, மூன்று மாதமாகக் கைப்பையின் வாரில் மாட்டியிருக்கிறேன். காலி வீட்டுக் கூடத்தில் சோதித்தபோது காது அடைத்துப்போனது; திறந்த மனையிலோ, இருநூறு அடிக்கு அப்பால் நின்ற காவலாளி ஏதோ வண்டியின் ஹாரன் என்று எண்ணித் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கொக்கியும் தளர்வானது, பேருந்து நெரிசலில் ஒருமுறை தானே கழன்று மானத்தை வாங்கியது.

1986 ஜூலையில் லண்டனில், ‘மிஸ்டர் கிப்பர்’ என்று நாட்குறிப்பில் எழுதிவைத்திருந்த ஒருவருக்கு வீடு காட்டச் சென்ற சூசி லாம்ப்ளூ என்ற 25 வயது முகவர் இன்றுவரை கிடைக்கவில்லை. எங்கே, யாருடன் போகிறோம், எப்போது திரும்புவோம் என்பது அலுவலகத்தில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். இக்கருவியோ இருப்பிடத்தை எவருக்கும் அனுப்பாது. ஆகவே, வாடிக்கையாளரின் அடையாள அட்டைப் படத்தை முன்பே வாங்கி அலுவலக வாட்ஸ்அப் குழுவில் இட்டுவிட்டு, வீட்டுக்குள் அவரை முன்னே நடக்கவிட்டு, தாம் வாசலருகே நிற்கும் பழக்கமுள்ளவர்களுக்கு மட்டும் இதைப் பரிந்துரைப்பேன்.