யுனிவர்சல் ஸ்டூடியோஸ் சிங்கப்பூர்: பஸ் பஸ்ஸாக வரும் கூட்டத்தைச் சமாளிக்க எந்த வழி மேல்?

சிங்கப்பூரின் செந்தோசாத் தீவில் இருக்கும் யுனிவர்சல் ஸ்டூடியோஸ் சிறிய கேளிக்கைப் பூங்கா, ஏறத்தாழ 20 ஹெக்டேர்தான். நடுவில் ஒரு குளம், அதைச் சுற்றி வட்டமாகப் பகுதிகள். உள்ளே நுழைந்ததும் ஹாலிவுட். வலப்பக்கமாகப் போனால் நியூயார்க், சை-ஃபை சிட்டி, பண்டைய எகிப்து. அப்படியே சுற்றி வந்தால் லாஸ்ட் வேர்ல்டு, ஃபார் ஃபார் அவே, கடைசியில் மடகாஸ்கர் இருந்த இடத்தில் 2025 பிப்ரவரியில் திறந்த மினியன் லேண்ட். வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போக இந்தச் சிறிய அளவு பெரிய வசதி. ஆனால் சுற்றுலாக் குழுக்கள் வந்து இறங்கும் நாளில் ஒதுங்கிப் போக இன்னொரு மூலை கிடையாது.

டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ரைடில் ஒரு வண்டிக்கு மூன்று வரிசை, வரிசைக்கு நான்கு இருக்கை, மொத்தம் 12 பேர். தலா நாற்பது பேரை ஏற்றிய மூன்று பஸ்கள் ஒன்றாக வந்து உங்களுக்கு முன்னால் நின்றுவிட்டால், பத்து வண்டிகள் போன பிறகுதான் உங்கள் முறை. தண்ணீர் வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் பலகையில் காத்திருப்பு நேரம் ஏறிப்போயிருப்பது இதனால்தான்.

குழுக்கள் வருவதற்கும் பருவம் உண்டு. ஏப்ரல், மே என்றால் நம் ஊர்க் கோடை விடுமுறைக் குழுக்கள். ஜூன் மாதமும், நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் முடியும்வரையும் சிங்கப்பூர்ப் பள்ளி விடுமுறை. அக்டோபர் முதல் வாரத்தில் சீனாவின் தேசிய விடுமுறை. இதற்கு நடுவே ஒரே நிற டி-ஷர்ட் போட்ட மாணவர் குழுக்கள் மலேசியாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்துகொண்டே இருக்கும்.

இவர்கள் மேல் கோபப்பட ஒன்றுமில்லை. முதன்முதலாக விமானம் ஏறி வந்த பிள்ளைகள் அதில் பாதிப் பேர். வரிசையில் கூச்சல் போட்டுப் பாடினால் அது சந்தோஷம்தான். ஆனாலும் ஒரு நபருக்கு 80 சிங்கப்பூர் வெள்ளிக்கு (டாலருக்கு) மேல் கொடுத்து, குடும்பத்தோடு ஒரே ஒரு நாள் போகிறவர் அந்த நாளைக் காப்பாற்றிக்கொள்ள வழி தெரிந்திருக்க வேண்டும். சுற்றியிருப்பவர்கள் பரிந்துரைக்கும் வழிகள் பல. எல்லாம் எல்லாருக்கும் பொருந்தாது.

எந்த வழியை எடைபோடுவதற்கும் முன்னால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குழு என்பது பஸ்ஸின் நேரத்துக்கு ஓடுவது. ஹோட்டலில் காலை உணவு, இரண்டு மூன்று ஹோட்டல்களில் ஆள் ஏற்றுவது, இறங்கியதும் டிக்கெட் கொடுப்பது, வாசலில் சுழலும் அந்தப் பெரிய உலக உருண்டை முன்னால் ஒரு குரூப் போட்டோ. இவ்வளவும் முடிந்துதான் உள்ளே வர முடியும். மதியம் ஒரே நேரத்தில் சாப்பிட வேண்டும். மாலையில் குறித்த நேரத்துக்கு மறுபடியும் உருண்டைக்கு அருகே கூட வேண்டும். அந்த நேரக்கட்டு உங்களுக்கு இல்லை. எந்த வழி இந்த வித்தியாசத்தைப் பயன்படுத்துகிறதோ, அதுவே என் கணக்கில் நல்ல வழி.

திறக்கும் முன்பே வாசலில் நிற்பது

பைசா செலவில்லாத வழி இது, பலனும் அதிகம். பெரும்பாலான நாள்களில் பூங்கா காலை 10 மணிக்குத் திறக்கும். நேரம் நாளுக்கு நாள் மாறும் என்பதால் முதல் நாளே இணையத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். விவோசிட்டி பேரங்காடியிலிருந்து செந்தோசா எக்ஸ்பிரஸ் ரயில் ஏறினால் முதல் நிறுத்தமே பூங்கா இருக்கும் ரிசார்ட்ஸ் வேர்ல்டு. காலை வெயில் ஏறுமுன் நடப்பதில் சிரமமில்லை என்றால் போர்டுவாக் எனும் நடைபாதை வழியாகக் கால்மணி நேரத்தில் நடந்தே வந்துவிடலாம். அரைமணி நேரம் முன்னால் வாசலில் நிற்பவர்கள் பெரும்பாலும் தனிக் குடும்பங்கள்தான். பஸ்கள் அப்போது ஆள் ஏற்றிக்கொண்டிருக்கும்.

உள்ளே நுழைந்த பிறகு எங்கே போவது என்பதில்தான் பலர் இந்த முதல் மணியை வீணாக்குகிறார்கள். கதவு திறந்ததும் கூட்டம் இரண்டாகப் பிரியும். குழந்தை உள்ளவர்கள் இடப்பக்கம் மினியன் லேண்டுக்கு, இளவட்டங்கள் வலப்பக்கம் டிரான்ஸ்ஃபார்மர்ஸுக்கு. மம்மி ரைடுக்குத் தேவையான 122 செ.மீ. உயரத்தை எட்டிய பிள்ளைகளோடு வருபவர்கள் இரண்டிலும் நிற்காமல் நேராகப் பண்டைய எகிப்துக்கு நடக்கலாம். வாசலுக்கு எதிர்ப்பக்கம், பூங்காவின் கடைக்கோடியில் இருப்பதால் மம்மி ரைடுக்குக் கூட்டம் வந்து சேரக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அதை முடித்துவிட்டு, குழுக்கள் வாசலில் போட்டோ எடுத்து உள்ளே வரும் நேரத்தில் அவர்களுக்கு எதிர்த்திசையில் நகர்ந்துகொண்டே இருக்கலாம். சின்னப் பிள்ளைகள் என்றால் மினியன் லேண்டையே முதலில் முடித்துவிடுங்கள். பிற்பகலில் அங்கே நிற்பதுபோல் கஷ்டம் வேறில்லை.

இதில் சிக்கல் ஒன்றுதான், எழுந்திருப்பது. நள்ளிரவு விமானத்தில் ஊரிலிருந்து வந்திறங்கியவர்களை மறுநாளே காலை 9:30-க்கு வாசலில் நிறுத்துவது நடக்காத காரியம். முதல் நாளை ஓய்வுக்கும் லிட்டில் இந்தியாவுக்கும் விட்டுவிட்டு, இதற்கு இரண்டாம் நாளையோ மூன்றாம் நாளையோ வைத்துக்கொள்ளலாம்.

எக்ஸ்பிரஸ் சீட்டு

காசு கொடுத்துத் தனி வரிசையில் போகும் வழி. ஒவ்வொரு ரைடுக்கும் ஒருமுறை மட்டும் செல்லுபடியாகும் சாதாரண எக்ஸ்பிரஸ், எத்தனை முறையும் போகலாம் என்கிற அன்லிமிடெட் என்று இரண்டு வகை. நுழைவுச்சீட்டு இதில் சேராது, அது தனி. விலை நாளுக்கேற்ப ஏறி இறங்கும். நெரிசல் நாள்களில் எக்ஸ்பிரஸ் மட்டுமே நுழைவுச்சீட்டின் விலையை எட்டிப்பிடிக்கும். நான்கு பேர் குடும்பத்துக்கு அது சின்னத் தொகை இல்லை.

பிப்ரவரி மாதச் செவ்வாய்க்கிழமையில் இதை வாங்குவது தண்டச் செலவு. டிசம்பர் மூன்றாம் வாரத்தில், ஒரே நாள் மட்டும் கையில் இருக்கிறது, உயர வரம்பைத் தாண்டிய பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றால் யோசிக்காமல் வாங்கலாம். வாங்குமுன் பிள்ளைகளின் உயரத்தை வீட்டிலேயே அளந்துவிடுங்கள். டிரான்ஸ்ஃபார்மர்ஸுக்கு 102 செ.மீ., ஜுராசிக் பார்க் படகுக்கு 107, மம்மிக்கு 122, பேட்டில்ஸ்டார் கலாக்டிகா ரோலர்கோஸ்டருக்கு 125. ஐந்து வயதுப் பிள்ளை பெரிய ரைடுகளில் பாதியில் ஏறவே முடியாது. அந்தப் பிள்ளைக்கும் முழு எக்ஸ்பிரஸ் வாங்குவதில் அர்த்தமில்லை. அதற்குப் பதில் சைல்டு ஸ்விட்ச் வசதியைக் கேளுங்கள். அப்பா ரைடு போய்வரும்வரை அம்மா பிள்ளையோடு காத்திருந்து, பிறகு அம்மா திரும்ப வரிசையில் நிற்காமல் ஏறலாம். நுழைவில் நிற்கும் பணியாளரிடம் கேட்டால்தான் கிடைக்கும்.

எக்ஸ்பிரஸால் தீராதவையும் உண்டு. சாப்பாட்டு வரிசை, கழிப்பறை வரிசை, வேடமிட்டவர்களோடு படம் எடுக்கும் வரிசை எதற்கும் அது செல்லாது. குழுக்கள் குவிவதோ முக்கியமாக இந்த மூன்று இடங்களில்தான். பணம் கொடுத்தவர்களும் மதியம் 12:30-க்கு உணவுக்கூடத்தில் தட்டோடு நிற்கத்தான் வேண்டும். 11:30-க்கே சாப்பிட்டுவிடுவதும், இல்லையென்றால் கையில் பிஸ்கட்டை வைத்துக்கொண்டு 2:30 வரை தள்ளிப்போடுவதும் எந்தச் சீட்டாலும் கிடைக்காத நேரத்தை மிச்சமாக்கும்.

ஒற்றை ஆள் வரிசை

சிங்கிள் ரைடர் எனப்படும் இந்த வரிசை டிரான்ஸ்ஃபார்மர்ஸ், மம்மி, பேட்டில்ஸ்டார் மூன்றிலும் உண்டு. நால்வர் வரிசையில் மூவர் அமர்ந்தால் மிஞ்சும் ஓர் இருக்கைக்கு இங்கிருந்து ஆள் எடுப்பார்கள். கூட வந்தவரோடு சேர்ந்து உட்கார முடியாது, அவ்வளவுதான் விலை. பெரியவர்கள் இரண்டு மூன்று பேராகப் போனால் எக்ஸ்பிரஸுக்குக் கொடுக்கும் காசை மிச்சப்படுத்த இது போதும்.

ஆனால் குழுக்கள் நிறைந்த நாளில் இது ஏமாற்றவும் செய்யும். நண்பர் கூட்டமாக வரும் மாணவர்கள் தங்களுக்குள் நான்கு நான்காகப் பிரிந்து இருக்கைகளை நிரப்பிவிடுவார்கள், காலி இடமே விழாது. பேட்டில்ஸ்டாரில் 2015-இல் மறுபடி திறந்தபோது நால்வர் அமரும் வண்டிகளுக்குப் பதில் இருவர் அமரும் வண்டிகள் வந்தன. ஜோடி ஜோடியாக ஏறுகிற கூட்டத்தில் ஒற்றை இடம் எப்போதாவதுதான் கிடைக்கும். போதாததற்கு, ஒரு பஸ் கூட்டத்தில் யாராவது ஒருவர் இந்த வரிசையைக் கண்டுபிடித்துவிட்டால் நாற்பது பேரும் அங்கேயே வந்துவிடுவார்கள். வரிசையில் சேருமுன் அது வாசல்வரை நீண்டிருக்கிறதா என்று எட்டிப்பாருங்கள். நீண்டிருந்தால் பொது வரிசையே மேல். குடும்பங்கள் அதிகம் வரும் நாளில், குறிப்பாக மூவர் குடும்பங்கள் முன்னால் நிற்கும்போது, ஒற்றை ஆள் வரிசை சட்டென்று நகரும்.

பிற்பகலில் உட்கார்ந்துவிட்டு மாலையில் சுற்றுவது

வயதானவர்களைக் கூட்டிப் போகும் எனக்கு இதுதான் பிடித்த வழி. திருச்சியிலிருந்து வந்திருந்த அத்தை, பகல் ஒரு மணிக்கே "நீங்க போயிட்டு வாங்கப்பா, நான் இங்க நிழல்ல உக்காந்துக்குறேன்" என்று சொல்லிவிட்டார். அவரைத் தனியே விட்டுவிட்டு வரிசையில் நிற்பதற்குப் பதில் எல்லாருமாக வாட்டர்வேர்ல்டு நிகழ்ச்சிக்குப் போனோம். அரங்கு பெரியது, எத்தனை குழு வந்தாலும் கொள்ளும். தண்ணீர் தெறிக்கும் முன்வரிசைகளை விட்டு மேலே ஏறி உட்கார்ந்தால் போதும். கீழே விமானம் வந்து விழும் காட்சியில் அத்தைக்குக் கை தட்டி மாளவில்லை. வெளியே டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பலகை உச்சத்தில் இருந்த நேரம் அது. நாங்கள் உட்கார்ந்தே அதைக் கடந்துவிட்டோம்.

மாலை நான்கரைக்கு மேல் வாசல் பக்கம் நின்று பார்த்தால் தெரியும். கழுத்தில் டிராவல்ஸ் அட்டையைத் தொங்கவிட்ட அப்பாக்கள், ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் பொம்மைப் பை என்று உருண்டையை நோக்கி விரைந்துகொண்டிருப்பார்கள். கொடி பிடித்த வழிகாட்டி தலைகளை எண்ணிக்கொண்டிருப்பார். அடுத்து இரவு உணவுக்கோ கடற்கரையில் நடக்கும் விங்ஸ் ஆஃப் டைம் காட்சிக்கோ அவர்கள் போக வேண்டும். அவர்கள் வெளியேறியதும் வரிசைகள் மெதுவாக இளகும். கடைசி ஒன்றரை மணி நேரத்தில் பெரிய ரைடுகளை எடுத்துக்கொள்ளலாம்.

இதை நம்பி நாள் முழுவதையும் மாலைக்கு ஒத்திவைக்க வேண்டாம். சிங்கப்பூரில் பிற்பகல் இடிமழை சாதாரணம். மின்னல் அபாயம் வந்தால் வெட்டவெளி ரைடுகளை நிறுத்திவிடுவார்கள், இருந்த கூட்டம் முழுவதும் கூரைக்குக் கீழே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர்ஸுக்கும் மினியன் ரைடுக்கும் வந்து சேரும். செப்டம்பர் கடைசியிலிருந்து ஹாலோவீன் இரவுகள் நடக்கும் நாள்களில் பகல் பார்வையாளர்களைச் சீக்கிரமே வெளியே அனுப்பிவிடுவார்கள். அந்த நாள்களில் இந்த வழியே கிடையாது, காலைதான் கதி.

நாளை மாற்றுவது

சொல்வது சுலபம், விடுப்பு கிடைப்பதுதான் கடினம். முடிந்தால் பள்ளி விடுமுறை இல்லாத வாரத்தின் செவ்வாய், புதன், வியாழன். மற்ற எல்லா வழிகளையும் சேர்த்தாலும் இதற்கு ஈடில்லை.

குழுவுக்குள் சிக்கிக்கொண்டால்

எந்த வழியில் போனாலும் ஒருமுறையாவது இது நடக்கும். இரண்டு மாணவர்கள் உங்களுக்கு முன்னால் நிற்பார்கள். வளைவு திரும்புகிற இடத்தில் பின்னாலிருந்து பதினைந்து பேர் "எக்ஸ்கியூஸ் மீ" சொல்லிக்கொண்டே அவர்களோடு போய்ச் சேர முண்டுவார்கள். பிள்ளைகளோடு சத்தம் போடுவதில் பயனில்லை. முன்னால் நிற்பவர்களிடம் "பின்னால் வந்து உங்கள் நண்பர்களோடு சேர்ந்துகொள்ளுங்களேன்" என்று சிரித்துச் சொன்னால் பெரும்பாலும் கேட்பார்கள். கேட்காவிட்டால் பணியாளரிடம் சொல்லலாம். நம் பிள்ளையைச் சுவர்ப்பக்கமாக நிறுத்திக்கொள்வதும், ஏறும் மேடையில் குழுவை முழுதாக முன்னே விட்டு அடுத்த வண்டியைக் கேட்டு வாங்குவதும் நிம்மதி.

நாமே குழுவில் சேர்ந்து வருவது

கூட்டத்தை ஏஜென்டே பார்த்துக்கொள்வார் என்று நினைத்துப் பலர் சென்னையிலிருந்து பேக்கேஜில் வருகிறார்கள். விசா, ஹோட்டல், போக்குவரத்துக்கு அது நல்ல ஏற்பாடுதான். ஆங்கிலம் பேசத் தயங்கும் பெற்றோரைத் தனியே அனுப்புவதாக இருந்தால் நானும் அதையே சொல்வேன். ஆனால் பூங்காவுக்குள் வழிகாட்டியால் எந்த வரிசையையும் குறைக்க முடியாது. கூட்டம் குறைவாக இருக்கும் முதல் மணியும் கடைசி மணியும் பேக்கேஜ்காரர்கள் கையில் இருக்காது, நெரிசலான நடுப்பகல்தான் அவர்களுக்கு முழுதாகக் கிடைக்கிறது. ஆகவே பணம் கட்டுமுன் ஏஜென்டிடம் மூன்று கேள்வி கேளுங்கள். பூங்கா நாளன்று பஸ் ஹோட்டலிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்புகிறது? மாலையில் பஸ்ஸை விட்டுவிட்டு நாங்களே ரயிலில் திரும்பலாமா? மதியச் சாப்பாடு எல்லாரோடும் ஒரே நேரத்தில்தானா, கூப்பன் கொடுத்துவிடுவீர்களா? இரண்டாவது கேள்விக்கு "சரி" என்று சொல்லும் ஏஜென்ட் கிடைத்தால், வழிகாட்டியின் கைபேசி எண்ணை வாங்கிக்கொண்டு கடைசிவரை உள்ளேயே இருங்கள். திரும்பும்போது செந்தோசா எக்ஸ்பிரஸுக்குக் கட்டணம் கிடையாது. விவோசிட்டியில் இறங்கினால் ஹார்பர்ஃபிரண்ட் எம்.ஆர்.டி. ரயில் நிலையம் கீழேயே இருக்கிறது. அங்கிருந்து வடகிழக்குத் தடத்தில் ஏறினால் லிட்டில் இந்தியாவுக்கு ரயில் மாற வேண்டியதில்லை.