கூகுள் கிளவுட் ஷெல், எட்டு மாசம் பாவிச்ச பிறகு

நான் யாழ்ப்பாணம் திருநெல்வேலியில வீட்டில இருந்துதான் வெளிநாட்டுக் கொம்பனி ஒண்டுக்கு வேலை செய்யிறன். எங்கட குபேர்நெட்டிஸ் கிளஸ்டர், அதாவது எங்கட அப்பை ஓட்டுற மெஷின் கூட்டம், சிங்கப்பூரில ஓடுது, இப்ப அதை முழுக்கப் பாக்கிறது பிரவுசருக்குள்ள திறக்கிற, கட்டளை அடிக்கிற இந்தக் கறுப்புத் திரையாலதான். காசு இல்லை. கூகுள் எக்கவுண்ட் இருந்தாக் காணும், ஜிகிளவுட், கியூப்சிடிஎல் (கிளஸ்டருக்குக் கட்டளை குடுக்கிறது), டொக்கர், கிட் (கோட் சேமிச்சு வைக்கிறது) மாதிரி டூல் எல்லாம் ஏற்கனவே போட்டிருக்கு, திறந்த உடனயே வேலையைத் தொடங்கலாம்.

இதில எனக்குப் பெரிய விசயம் என்னண்டா வேலை ஓடுறது எங்கட லப்ரொப்பில இல்லை, அங்கால கூகுளின்ர மெஷினில. போன கார்த்திகை மழைக்குள்ள ஒருநாள் இரவு பத்தரை போல ஆறு நோட்டையும் (கிளஸ்டரில இருக்கிற மெஷின்கள்) ஒண்டொண்டா ட்ரெயின் பண்ணி, அதாவது அதில ஓடுறதுகளை வேற நோட்டுக்கு மாத்தி, அப்டேற் பண்ற ஸ்கிரிப்டை ஓடவிட்டிட்டு இருக்கேக்க கறண்ட் போச்சு, ரவுட்டரும் செத்துப்போச்சு. அப்பின்ர புது வேர்ஷன் ஏத்துற வேலை எண்டா கிளஸ்டரே தானா செய்து முடிச்சிடும், ஆனா ட்ரெயின் அப்பிடி இல்லை, கட்டளை குடுத்த இடத்தில இருந்துதான் அது ஓடும், நடுவில அறுந்தா நோட் பூட்டின மாதிரியே நிண்டிடும். முந்தி லப்ரொப்பில இருந்து ஓட்டினபோது ரெண்டு தரம் அப்பிடி அந்தரப்பட்டு விடிய மூண்டு மணி வரைக்கும் முழிச்சிருந்தனான். இந்தமுறை போனில ஹொட்ஸ்பொட் போட்டுத் திரும்பக் கனெக்ட் பண்ணினா அதே திரை அப்பிடியே நிக்குது, நாலாவது நோட் போய்க்கொண்டு இருக்கு! டீமக்ஸ் எண்ட, கனெக்ஷன் அறுந்தாலும் திரையை அப்பிடியே வச்சிருக்கிற புரோகிராம் ஒண்டு உள்ளுக்க தானாகவே ஓடுறதாலதான் இது, நாங்கள் ஒண்டும் செற் பண்ணத் தேவையில்லை.

டேட்டாவும் சரியா மிச்சம். இமேஜ் (அப்பை ஓடத் தயாராப் பொதி பண்ணினது) பில்ட் பண்ணி ஏத்துறதெண்டா முந்தி இஞ்ச இருந்து நூற்றுக்கணக்கான எம்பி 4ஜியில ஏறவேணும், இப்ப அது கூகுளின்ர லைனுக்குள்ளயே போகுது, எனக்கு வாறது வெறும் எழுத்துத்தான்.

இனிக் கவனிக்க வேண்டியதுகள். உங்கட ஹோம் ஃபோல்டருக்கு 5 ஜிபிதான், அதுக்கு வெளியில நீங்கள் ஆப்ற்-கெற்றால (லினக்ஸில புரோகிராம் போடுற கட்டளை) போட்டது எதுவும் அடுத்தமுறை இருக்காது, அதால சின்ன டூல்களை ஹோமுக்குள்ள பின் (bin) எண்டு ஒரு ஃபோல்டர் வச்சு அதுக்குள்ள போடுங்கோ. கிழமைக்கு 50 மணித்தியாலம், ஒரே அடியா 12 மணித்தியாலத்துக்கு மேல ஓடாது, ஆக்கள் இல்லாமத் தானா ஓடவேண்டிய வேலைக்கு இது சரிவராது. 120 நாள் திறக்காட்டி ஹோமையே அழிச்சுப்போடும், அதால ஸ்கிரிப்ட் எல்லாத்தையும் கிட்டில ஏத்தி வையுங்கோ. பிரைவேட் கிளஸ்டர் (உள் நெட்வேர்க்கில மட்டும் இருக்கிறது) வச்சிருக்கிறாக்களுக்கு இன்னொண்டு, இந்த ஷெல் உங்கட நெட்வேர்க்குக்கு வெளியில இருக்கிற மெஷின், ஐபியும் மாறும், உள் ஐபிக்கு நேர போய்ச் சேரேலாது, நடுவில ஒரு மெஷின் வச்சுப் போகலாம்.

எனக்குச் சரியாக் கோபம் வாறது கொன்ட்ரோல்-டபிள்யூவிலதான். லினக்ஸில பழகின கை ஒரு சொல்லை அழிக்க அதைத்தானே அமத்தும், பிரவுசர் உடன டாபையே மூடிப்போடும். டீமக்ஸ் இருக்கிறதால வேலை போகாது, ஆனா பொட் ஒண்டு (கிளஸ்டரில ஓடுற அப்பின்ர ஒரு பிரதி) விழுந்து விழுந்து எழும்பிக்கொண்டு இருக்கிற நேரம், கஸ்டமர் கோலில நிக்கேக்க, திரை மறைஞ்சா நெஞ்சு பதறும். அதுக்கு எஸ்கேப்பை அமத்தி விட்டிட்டுப் பேக்ஸ்பேஸ் அமத்துங்கோ, அதே மாதிரி ஒரு சொல் அழியும். எனக்குக் கை பழக ரெண்டு கிழமை எடுத்தது.

போனில இருந்தும் திறக்கலாம், லொக் பாக்க, ஒரு ரோல்பேக் (பழைய வேர்ஷனுக்குத் திரும்புறது) குடுக்கக் காணும், நல்லூர்த் திருவிழா நேரம் வீதியில நிண்டுகொண்டே ஒருக்கா அப்பிடிக் குடுத்தனான். நீட்டுக் கட்டளை எல்லாம் அதில அடிக்க வெளிக்கிடாதேங்கோ.