60,000 ரூபாய் பிரசவ பேக்கேஜ்: கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

60,000 ரூபாய். தொகையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வட சென்னையில் ஒரு தனியார் மகப்பேறு மருத்துவமனையில் 'பிரசவ பேக்கேஜ்' என்று ஐந்தாம் மாதமே கட்டியது. பிரசவம் அங்கே நடக்கவில்லை. பணமும் திரும்பவில்லை. இன்று நாலாவது தடவையாக அலைந்துவிட்டு வந்து வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன். பெயர் போடாதே என்று வக்கீல் நண்பர் சொல்லிவிட்டார், போடவில்லை. மூன்று மாடி, கண்ணாடி முகப்பு, வாசலில் சிரிக்கிற குழந்தை பேனர். உங்கள் தெருவிலும் ஒன்று இருக்கும். நீங்கள் கவனிக்க வேண்டிய பத்து விஷயங்களைக் கடைசியில் எழுதுகிறேன்.

ஸ்கேன் எடுக்கத்தான் போனோம். கவுன்டரில் இருந்த பெண் "அண்ணா, முதல் குழந்தையா?" என்று ஆரம்பித்தார். என் மனைவிக்கு நாற்காலி இழுத்துப் போட்டார், கேட்காமலே வெந்நீர் கொண்டுவந்தார். மேலே கூட்டிப்போய் அறையைக் காட்டினார். ஏசி, தொட்டில், பூப்போட்ட திரைச்சீலை. அப்புறம் ஒரு லேமினேட் அட்டை வந்தது. சுகப்பிரசவம் என்றால் 45,000, சிசேரியன் என்றால் 80,000. இப்போதே மொத்தமாகக் கட்டினால் எதுவானாலும் 60,000, எல்லா டெஸ்ட்டும் அதற்குள். "நாளையோட ஆஃபர் முடியுது அண்ணா. அண்ணிக்குப் பிரஷர், சுகர் எது வந்தாலும் நாங்க பாத்துக்குறோம், நீங்க நிம்மதியா இருங்க."

அந்த 'பாத்துக்குறோம்' என்ற சொல்லில்தான் விழுந்தேன். மாமியார் தொட்டிலைத் தடவிப் பார்த்துக்கொண்டே "ஒரே பொண்ணு மாப்ள" என்றார். அதற்கு மேல் என்ன பேச? சீட்டு எடுத்த 40,000, மனைவியின் சங்கிலியை அடகு வைத்த 20,000. நான் துணிக்கடையில் பில் போடுகிறவன். 'விற்ற சரக்கு திரும்பப் பெறப்படாது' என்று நாள் முழுக்க முத்திரை குத்துகிறவன். எனக்கு வந்த பில்லின் பின்பக்கத்தை நான் திருப்பிப் பார்க்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், என் தப்பு இது. பிறப்புச் சான்றிதழுக்கு பிக்மி எண் (கர்ப்பிணிகளுக்கு அரசு தருகிற பதிவு எண்) வேண்டும் என்பதால் எங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிந்திருந்தோம். அந்த சிஸ்டர் மூன்று தடவை போன் பண்ணினார். "சும்மா வந்து பிபி மட்டும் பாத்துட்டுப் போகச் சொல்லுங்க தம்பி." நான் பெருமையாக, "நாங்க பிரைவேட்ல பாக்குறோம் சிஸ்டர்" என்று வைத்துவிட்டேன். காசு வாங்காதவர் சொன்னால் நமக்கு இளக்காரம்தானே.

அவர்கள் கொடுத்த ஃபைல் இப்போது என் முன்னால் இருக்கிறது. பிங்க் நிறம். உள்ளே அட்டையில், நீல மையில், அவர்கள் கையாலேயே எழுதியிருக்கிறார்கள். இருபதாம் வாரம் பிபி 110/70. இருபத்தெட்டில் 124/82. முப்பத்திரண்டில் 138/88. முப்பத்துநாலில் 146/96. பக்கத்தில் சிறுநீரில் ஆல்புமின், அதாவது புரதம், என்று ஒரு கட்டம். ஆரம்பத்திலிருந்து கடைசிவரை காலி. எல்லா டெஸ்ட்டும் உள்ளே என்றார்களே, ஒரு சிறுநீர் டெஸ்ட் செய்ய என்ன செலவாகிவிடும்? எண்ணை எழுதியவர் ஒருவர், மருந்து எழுதியவர் ஒருவர், இரண்டு பேரும் அதைப் படிக்கவில்லை. 146 வந்த அன்று நான் கேட்டேன். "டிராஃபிக்ல வந்திருப்பாங்க, டென்ஷன்ல ஏறும்" என்று சொல்லி சத்து மாத்திரை மட்டும் எழுதிக் கொடுத்தார்கள்.

வளைகாப்புக்குப் போட்ட கண்ணாடி வளையல்கள் அப்போதே மணிக்கட்டில் பதிந்து கோடு போட ஆரம்பித்துவிட்டன. காலையில் எழுந்தால் முகம் உப்பியிருக்கும். "மாசம் ஏற ஏற நீர் போடத்தான் செய்யும்" என்று வீட்டில் சொன்னார்கள், அங்கேயும் அதையே சொன்னார்கள். கால் வீக்கம் பலருக்கும் வரும், சரி. முகமும் கையும் வீங்கி, கூடவே பிபியும் ஏறினால் அது வேறு சங்கதி என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

முப்பத்தைந்தாம் வாரம், ஒரு சனிக்கிழமை ராத்திரி. தலை பிளக்கிறது என்றாள். கண் முன்னால் மின்மினி பறக்கிற மாதிரி இருக்கிறது என்றாள். நெஞ்சுக்குக் கீழே வலி. கேஸ் என்று நினைத்து சீரகத் தண்ணீர் கொடுத்தோம். 10:40க்கு மருத்துவமனைக்கு போன் போட்டேன். "டாக்டர் இல்ல சார். பாராசிட்டமால் போட்டுப் படுக்கச் சொல்லுங்க, காலைல ஓபிக்கு வாங்க." கவனித்தீர்களா, அண்ணா சார் ஆகிவிட்டார்.

ஒரு மணிக்குப் பொறுக்க முடியாமல் ஆட்டோவில் போனோம். வாட்ச்மேனை எழுப்பி, நர்ஸை எழுப்பி, பார்த்தால் 170/110. நர்ஸ் முகம் வெளிறிவிட்டது. போனில் டாக்டரிடம் பேசிவிட்டு வந்து சொன்னார்: "இங்க ஐசியூ இல்ல, கவர்மென்ட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க." அவர்களிடம் ஆம்புலன்ஸும் இல்லை. ஒரு துண்டுச் சீட்டில் இரண்டு வரி. 'இரவு ஆலோசனைக் கட்டணம்' என்று 500 ரூபாய் வாங்கிக்கொண்டுதான் கேட்டைத் திறந்தார்கள். 60,000 கட்டியவனிடம்!

108க்குப் போட்டேன். வண்டியில் இருந்த தம்பி போகும்போதே அரசு மருத்துவமனைக்குத் தகவல் சொல்லிவிட்டார். அங்கே யாரும் நாற்காலி போடவில்லை, வெந்நீர் தரவில்லை, "தள்ளுங்க தள்ளுங்க" என்றுதான் சொன்னார்கள். ஆனால் உள்ளே போன உடனே சிறுநீர் பார்த்தார்கள், ஆல்புமின் நிறைய. வலிப்பு வராமல் இருக்க மெக்னீசியம் ஊசி, நரம்பில் ஒன்று, இடுப்புக்குக் கீழே இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. அந்த ஊசி வலிதான் ஆபரேஷன் வலியைவிட ஞாபகம் இருக்கிறது என்கிறாள். சின்னச் சுத்தியலால் முட்டியைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார்களாம். மருந்து அதிகமானால் கால் துள்ளுவது நின்றுவிடும், அதற்குத்தான். ஒரு நர்ஸ் சோப்புத் தண்ணீர் போட்டு வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். இரண்டு கழலவே இல்லை, உடைத்துதான் எடுத்தார்கள். "மூணு வாரம் முன்னாடியே வந்திருக்கணுமேம்மா" என்று டாக்டர் சொன்னபோது என் மாமியார் அழுத அழுகை.

விடிவதற்குள் சிசேரியன். பையன், 1.9 கிலோ. அவன் இன்னும் பச்சிளம் குழந்தைகள் பிரிவில்தான் இருக்கிறான். இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறார்கள். அங்கே நான் கட்டியது எதுவும் இல்லை.

இப்போது அந்த 60,000. முதல் தடவை போனபோது "அக்கவுன்ட்ஸ் மேடம் லீவு". இரண்டாம் தடவை "மேனேஜர் மீட்டிங்ல இருக்கார்". இரண்டரை மணி நேரம் உட்கார்ந்தேன், மீட்டிங்கில் இருந்தவர் டீ குடிக்க என்னைத் தாண்டித்தான் போனார். மூன்றாம் தடவை பில்லைத் திருப்பிக் காட்டினார்கள். எறும்பு மாதிரி எழுத்தில்: 'நோயாளி வேறு மருத்துவமனைக்குச் சென்றால் தொகை திரும்பத் தரப்படமாட்டாது.' நாங்களா சென்றோம்? நீங்கள்தானே அனுப்பினீர்கள்? "அது உங்க விருப்பத்துல போனதா ரெக்கார்ட்ல இருக்கு சார்." இன்று அதே கவுன்டர் பெண், "ஏங்க, சும்மா சும்மா வந்து நின்னா நான் என்ன பண்றது?" அண்ணா, சார், ஏங்க. இதற்கு நடுவில் போன வாரம் அவர்களிடமிருந்து வாட்ஸாப்பில் வாழ்த்து வேறு வந்தது, குழந்தைக்குத் தடுப்பூசி பேக்கேஜில் தள்ளுபடியாம்.

சரி, பத்து விஷயம் என்றேன். நேரமில்லை, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன்.

பிபி 140/90 தொட்டால் "டென்ஷன்" என்ற பதிலோடு எழுந்து வராதீர்கள், அன்றைக்கே சிறுநீரும் பார்க்கச் சொல்லுங்கள். 160/110 என்றால் உடனே 108. விடாத தலைவலி, கண் மங்கல், மேல் வயிற்று வலிக்கும் அப்படித்தான். பிரசவம் முடிந்த பிறகும் இந்த பிபி ஆபத்து வரலாம், வீட்டுக்கு வந்ததும் விட்டுவிடாதீர்கள்.

முன்பணம் கட்டும் முன் ராத்திரி டாக்டர் இருப்பாரா, ஐசியூ உண்டா, ரத்தம் உண்டா, வேறு இடத்துக்கு அனுப்பினால் பணம் என்ன ஆகும், நாலையும் எழுதி வாங்குங்கள். எழும்பூர், திருவல்லிக்கேணி கோஷா, ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். என்று சென்னையின் அரசு மகப்பேறு மருத்துவமனைகளில் உங்களுக்குக் கிட்டே எது என்பதையும் இப்போதே தெரிந்து வையுங்கள்.

கேஸ் ஷீட் (சிகிச்சைப் பதிவு) நகலை எழுத்தில் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும், மருத்துவக் கவுன்சில் விதி அது. நான் இன்று கொடுத்த கடிதத்தை வாங்க மறுத்தார்கள், நாளை பதிவுத் தபாலில் போகிறது. அப்புறம் நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரையான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லையாம், நண்பர் சொன்னார்.

ஏழரை ஆகிவிட்டது. அவளுக்கு ரசம் சாதம் கொண்டுபோக வேண்டும், எட்டு மணிக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள்.