தண்டையார்பேட்டை கூடைப்பந்து வகுப்பு: மூன்று மாதம் அனுப்பிப் பார்த்ததில்
சிமென்ட் தரை, ஒரு வளையத்தில் வலையே இல்லை, தண்ணீர் நாமே கொண்டுபோக வேண்டும். ஆனால் கோச்சைக் குறை சொல்ல முடியாது. என் பையன் பந்து கிடைத்தால் தலையைக் குனிந்துகொண்டு தட்டியபடியே ஓடுவான். இவர் திடீரென்று விசிலடித்து எல்லோரையும் நிறுத்தி, "யார் ஃப்ரீயா இருக்கான்? திரும்பாம சொல்லு" என்கிறார். பந்து கைக்கு வந்த 24 விநாடிக்குள் வளையத்தை நோக்கி ஷாட் போட வேண்டும், அதில் முதல் 8 விநாடிக்குள் நடுக்கோட்டைத் தாண்டியாக வேண்டும் என்பதால் சத்தமாக எண்ணவும் செய்கிறார். போன ஞாயிறு இரண்டு பேர் மறித்ததும் இவன் எம்பிக் குதிக்கவில்லை. மூலையில் நின்ற குட்டிப் பையனுக்குத் தரையில் ஒரு குத்து குத்தி அனுப்பினான். அவன் போட்டது உள்ளே விழவில்லை, அது வேறு கதை. ஃபீஸ் ரசீதை மட்டும் மூன்று தடவை கேட்டால்தான் தருகிறார்கள்.